அம்மா குளித்த பீலி

வருடத்துக்கு ஒரு தடவை எமது மகளிர் குழுக்களுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்வதுண்டு. "எங்கே போகலாம்?" என்று கூட்டத்தில் கேட்டால் வரும் பதில் எனக்கு முன்கூட்டியே தெரியும். நல்லூர், மடு, கதிர்காமம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. கோயிலுக்கு என்று சொன்னால்தான் வீட்டில் ஒருவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்பது பெண்களுக்கு நன்றாகத் தெரியும். நேர்த்திக்கடனும் தீரும், ஊரும் பார்த்ததாகும்.

இந்த முறை கிளிநொச்சிப் பக்கக் குழுவொன்றில், வழமையாக வாயே திறக்காத ஒரு அக்கா எழுந்து நின்றார். "மிஸ், எனக்கு இரத்தினபுரிக்குப் போகவேணும். அம்மா குளிச்ச பீலி ஒண்டு அங்க இருக்கு" என்றார்.

"பீலியோ? அதென்ன?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

மலையிலிருந்து ஊறிவரும் தண்ணீரை மூங்கிலாலோ தகரத்தாலோ ஏந்தி விழச்செய்வதைத் தோட்டங்களில் பீலி என்பார்கள். அதை விளங்கப்படுத்தத் தொடங்கிய அக்கா, தான் இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று. கூட்டம் அமைதியாகிவிட்டது. பதினைந்து வருடங்களாக ஒன்றாகச் சீட்டுப் பிடித்து, ஒன்றாகக் கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரியாது. "தோட்டக்காட்டார் எண்டு சொல்லுவினம் எண்டுதான் சொல்லேல்ல" என்றார் அக்கா. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்தச் சொல்லை அங்கிருந்த எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்களோ, நான் கேட்கவில்லை.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்செயல் பற்றி இளைய வாசகியர் பலருக்குத் தெரியாதிருக்கலாம். 1977 இலும் 1983 இலும் நடந்ததை அறிந்தவர்கள்கூட இடையில் நடந்த இதை மறந்துவிடுகிறார்கள். லயங்கள் எரிக்கப்பட்டன, ஆட்கள் இரவோடிரவாகத் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் கணிசமானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு வந்தனர். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களில் பலரைக் குடியேற்றின. காடு வெட்டி, கிணறு கிண்டி, கச்சான் விதைத்து, பிறகு நடந்த ஒவ்வொரு இடப்பெயர்விலும் மற்றெல்லோரோடும் சேர்ந்து அவர்களும் ஓடினார்கள். அக்காவுக்கு இரத்தினபுரியை விட்டு வரும்போது ஐந்து வயது. அம்மாவை 2009 இல் மாத்தளன் பக்கம் இழந்தார். புதைத்த இடம் இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

"அம்மான்ர இடம் எண்டு போய்ப் பார்க்கிறதுக்கு எனக்கு வேற ஒண்டும் இல்ல மிஸ்."

அதற்கு மேல் வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஓய்வு நேரம் பற்றியும் படித்தோம். ஆனால், எங்கள் பெண்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை அந்தப் பாடத்தில் நான் காணவில்லை. தண்ணீர் என்றால் எங்களுக்கு வேலை. அள்ளுவது, சுமப்பது, துவைப்பது, கழுவுவது. ஆண்பிள்ளைகள் குளத்தில் பாய்ந்து விளையாடுவார்கள், நாங்கள் கரையில் உடுப்புத் துவைத்துவிட்டு, நாலு வாளி ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம், அடுப்பில் உலை கொதிக்கும். போர்க்காலத்தில் அதுவும் போயிற்று. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இருந்தவர்களுக்குத் தண்ணீருக்காக வரிசையில் நின்றது மறக்காது. ஒரு வாளித் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரிலேயே துணி அலசி, இருட்டும்வரை காத்திருந்து தாமும் உடம்பு நனைத்துக்கொண்டவர்கள் எமது குழுவிலேயே இருக்கிறார்கள். சும்மா, மனம் நிறையும்வரை, ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீரில் நிற்பது என்பது அவர்களுக்குக் கேள்விப்படாத சங்கதி.

பெண்களுக்கெதிரான சகலவிதமான பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயத்தில் 13 ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குகொள்ளும் உரிமை பெண்களுக்கு உண்டு என்று சொல்கிறது. இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது 1981 ஒக்டோபரில். அக்காவின் குடும்பம் லயத்தை விட்டு ஓடி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது.

இருபத்திரண்டு பேர், ஒரு சிறிய பஸ், மாசி மாதம். காலம் பார்த்துத்தான் போகவேண்டும். வன்னியில் வருடத்துக்குப் பெய்யும் மழையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இரத்தினபுரியில் பெய்கிறது. வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். தென்மேல் பருவமழையும் அங்கே கொட்டும், அதற்குப் பிந்திய மழையும் கொட்டும். தை, மாசியில்தான் கொஞ்சம் ஓயும். அந்த நாட்களில்கூடப் பின்னேரத்தில் மழை வராது என்று ஒருவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

தம்புள்ளை, குருநாகல், கேகாலை வழியாகப் போனோம். கேகாலை தாண்டியதும் றப்பர் தோட்டங்கள். காலையில் பால் வெட்டி முடித்து, வாளிகளோடு பாதையோரம் நடந்துவந்த பெண்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் கைகாட்டினார்கள். புலத்கொஹுபிட்டிய அருகே சாரதி வேகத்தைக் குறைத்து, 2016 மே மாதம் இந்தப் பக்கம் மண்சரிந்ததைச் சொன்னார். அதே மாதம் 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததில் இறந்தோரும் காணாமற்போனோருமாக நூறு பேருக்கும் மேல். இந்தப் பக்கத்தில் தோட்ட லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. பஸ்ஸுக்குள் அந்தாட்சரி பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மண்ணுக்குள் போனவர்களைத் தேடுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

குருவிட்டவில் போபத் எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். குரு கங்கை அரச இலை வடிவில் விரிந்து விழுவதால் அந்தப் பெயர். "போ" என்றால் அரசு, "பத்" என்றால் இலை. அழகுதான். ஆனால் குளிக்க இறங்க நான் விடவில்லை. எங்களில் இளையவர்களுக்கு என்மீது கோபம். நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள தடாகத்தின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாறை வழுக்கும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து, சில நிமிடத்தில் வெள்ளம் வந்துவிடும். குளத்திலே நீந்திப் பழகியவர்கள்கூட ஆற்று இழுவையில் தப்புவது கடினம். ஊற்று அப்படியில்லை. அது ஒரே அளவாக, ஒரே குளிர்ச்சியோடு வரும். நின்று குளிக்கலாம், நீந்தத் தெரியவேண்டியதில்லை.

ஊற்று எப்படி வருகிறது என்று பஸ்ஸில் கேட்டார்கள். மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி ஓடிப்போகிறது, மீதி மரவேர்களின் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே கருங்கல் பாறை. அதற்குள் புகமுடியாமல் பாறையின் மேலாகவே பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் மண் மெலிந்த இடத்திலோ பாறை வெடிப்பிலோ வெளியே வருகிறது. மேலே காடு இருக்கும்வரை ஊற்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் கீரிமலையில் வருவதும் மழைத் தண்ணீர்தான், ஆனால் அங்கே சுண்ணாம்புக்கல். கல்லே பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து, கடற்கரையோரமாக விடுகிறது. கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்! 1990 க்குப் பிறகு நீண்ட காலம் அங்கே மக்கள் விரும்பியபடி போகமுடியாதிருந்ததும், பெண்களுக்கென்று தனிக் கேணி அங்கே கட்டப்பட்டிருப்பதும் பலருக்குத் தெரிந்திருந்தது. "கன்னியா?" என்று ஒருவர் கேட்டார். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் தண்ணீர் சுடும், இங்கே பல் கிட்டும் என்றேன்.

அன்றிரவு இரத்தினபுரியில் தங்கி, மறுநாள் காலை பெல்மதுளை, காவத்தை வழியாகத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன். அனுமதி தந்த உத்தியோகத்தர், "பீலி பார்க்கவா?" என்று இரண்டு தடவை கேட்டது ஞாபகம்.

லயத்து வாசலில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்த ஒரு பாட்டிக்கும் அதே ஆச்சரியம். "நாங்க தெனமும் தண்ணி அள்ளுற எடம். அதுல என்னா பாக்க இருக்கு?" என்றார். அக்கா தனது அம்மாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னார். பாட்டி சிறிது நேரம் யோசித்தார். "கீழ் லயத்துக்காரங்களா? கங்காணி வூட்டுக்கு அடுத்த காம்பரா?" என்று கேட்டுவிட்டு அக்காவின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார். "ஒங்க அம்மா மாதிரி பேச்சு வரலியே, யாழ்ப்பாணத்துப் பேச்சாவுல இருக்கு" என்றார். எங்களுக்குச் சிரிப்பு. அக்காவுக்கு அழுகை.

கீழ் லயம் இப்போது இல்லை. எரிந்தபின் திருப்பிக் கட்டப்படவில்லை. அடித்தளக் கற்களுக்கு மேல் தேயிலை வளர்ந்திருந்தது. அந்த இரவில் பாட்டியின் குடும்பத்தைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பமொன்று மாட்டுக் கொட்டிலில் ஒளித்துவைத்ததாம். கீழ் லயத்து ஆட்கள் மேலே பீலிக்கரைப் பக்கம் ஏறிக் காட்டுக்குள் போனார்களாம். "விடிஞ்சி பாத்தா ஒருத்தரும் இல்ல. எங்க போனாங்கன்னே தெரியல. இப்பதான் நீ சொல்லி எனக்குத் தெரியுது."

மேலே ஏறினோம். அட்டைக்கு உப்பும் தேசிக்காயும் கொண்டுபோயிருந்தோம், அப்படியிருந்தும் நாலைந்து பேரின் காலில் ஏறிவிட்டது. வன்னிப் பெண்கள் ஷெல்லுக்குப் பயப்பட்டதைவிட அட்டைக்குப் பயப்பட்டார்கள் என்று நான் எழுதினால் கோபிப்பார்கள், ஆனால் சத்தம் அவ்வளவு. பெரிய பாறை ஒன்றின் அடியில், மரவேர்களுக்கு நடுவே ஊற்று. பக்கத்தில் குங்குமம் பூசிய கல். அம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது அந்த இடத்தில்தான் என்றார் பாட்டி.

ஆனால் அக்கா தேடிவந்த பீலி இல்லை. ஊற்றுக் கண்ணைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டி, மூடி போட்டு, குழாய் வழியாகத் தண்ணீரை லயங்களுக்கும் கீழேயுள்ள கிராமத்துக்கும் கொண்டுபோகிறார்கள். பழைய இடத்தில் துவைகல் மட்டும் பாசி படிந்து கிடந்தது. அக்கா அந்தக் கல்லைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்து ஒரு தொட்டியைக் காட்டுகிறோமே என்று இருந்தது. அதேநேரம், தலையில் குடம் வைத்து இந்தச் சரிவில் ஏறி இறங்கிய பெண்களுக்கு அந்தத் தொட்டி எவ்வளவு பெரிய விடுதலை என்பதையும் நான் காணாமல் இருக்கமுடியாது. பார்க்க வந்தவளுக்குப் பீலி வேண்டும், அங்கே வாழ்பவளுக்குக் குழாய் வேண்டும்.

வழி சொன்னது பாட்டிதான். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் ஐம்பது அடி கீழே ஒரு பாறையிலிருந்து விழுகிறது, "அது ஒரு ஆளு ஒசரத்துக்கு மேல, அங்க குளிங்க" என்றார். இரண்டு பெடியன்கள் ஓடிப்போய் மூங்கில் ஒன்றை வெட்டி, பிளந்து, பாறை இடுக்கில் செருகினார்கள். பத்து நிமிடத்தில் பீலி தயார்.

பிறகு பெடியன்களையும் சாரதியையும் கீழே தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பினோம். இரண்டு சேலைகளை மரங்களுக்கிடையில் மறைப்பாகக் கட்டினோம். பாதை முனையில் லயத்துப் பிள்ளைகள் இருவர் காவல். வெளியிடத்தில் குளிக்கப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறுக்குக்கட்டுக்குத் தடித்த சீலையும், மாற்றுடுப்பை வைக்க ஒரு பொலித்தீன் பையும், மறைப்புக்கு இரண்டு சேலையும் எடுத்துப்போங்கள். மறைப்பு இருந்தால்தான் மனமும் குளிக்கும்.

சவர்க்காரம் வேண்டாம் என்று பாட்டி கண்டிப்பாகச் சொன்னார். கீழே ஆட்கள் அந்தத் தண்ணீரைப் பாவிக்கிறார்கள். ஊற்றுக்கு மேலே போய்க் கால்வைக்கவும் விடமாட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வந்தாலும், இல்லாத எடத்துல புதுசா பொத்துக்கிட்டு வந்தாலும், வந்துக்கிட்டிருந்தது நின்னு போனாலும் நாங்க லயத்துல படுக்க மாட்டோம்." தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவுக்கு முன்னறிகுறியாகச் சொல்வதும் இவற்றைத்தான். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சரிதல், இவற்றோடு ஊற்றில் வரும் மாற்றம். மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களும் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

எலிக்காய்ச்சலைப் பற்றி நான் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தேன். இரத்தினபுரி அந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், சேற்றுத் தண்ணீர், கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளில் தேங்கிய தண்ணீர் இவைதான் ஆபத்து. ஓடும் ஊற்றின் தலைப்பில் அந்த ஆபத்து குறைவு, இருந்தாலும் காலில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர்கள் வெளித்தண்ணீரில் இறங்காமல் விடுவதே நல்லது. குளித்து வந்தபின் காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டால், குளித்த விபரத்தையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாணிக்கக் குழி எதற்குள்ளும் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது.

முதலில் அக்கா போய் நின்றார். தண்ணீர் தலையில் விழுந்ததும் "ஐயோ" என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடமிருக்கும். "எனக்கு ஞாபகம் இருக்கிறது இது ஒண்டுதான். குளிருதெண்டு நான் அழ, அம்மா என்னைப் பிடிச்சு வச்சுக்கொண்டு நிண்டவ" என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளி விழுத்தினார்கள். குழுத்தலைவியின் தலையில் மூன்று பேர் சேர்ந்து தண்ணீர் அடித்தார்கள், வட்டிக் கணக்கில் கடுமையாக இருந்ததற்குப் பழி என்றார்கள். மறைப்புக்கு அப்பால் பாதையால் போன ஒரு வயதான சிங்கள அம்மா எட்டிப்பார்த்து "கொஹேந்த ஆவே?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றதும் "அப்போ!" என்று வாயில் கைவைத்தார். போய், கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

ஒருவர் மட்டும் கரையில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் போட்டிருக்கும் தங்கை. மேலே ஏறும்போதே இரண்டு பேரின் தோளைப் பிடித்துத்தான் வந்தாள். "உடுப்புகளை நான் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் குளியுங்கோ" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. காலைக் கழற்றவேண்டும், நனையக்கூடாது, ஒற்றைக் காலில் வழுக்கும் கல்லில் நிற்கமுடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலை அவள் வீட்டில்கூட இருட்டில்தான் கழற்றுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

பாட்டி அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு காவலுக்கு நின்ற பிள்ளையைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை லயத்துக்கு ஓடிப்போய், ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். பாட்டியே அதைப் பீலிக்கு அடியில் வைத்து, கால்கள் ஆடாமல் கல் அணைகொடுத்தார். "வா மகளே, ராணி மாதிரி ஒக்காந்து குளி" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்காதான் போய் அவளுக்கு முன்னால் குந்தி, ஈரச் சீலையோடு, அந்தக் காலைக் கழற்ற உதவினார். பொலித்தீனில் சுற்றி மரக்கிளையில் வைத்தார்கள். இரண்டு பேர் கைகோர்த்துத் தூக்கிப்போய்க் கதிரையில் இருத்தினார்கள். நாங்கள் எல்லோரும் குளித்து, உடுப்பு மாற்றி, மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் எழும்பவில்லை. உதடு நீலமாகிவிட்டது. "இன்னும் அஞ்சு நிமிசம் மிஸ்" என்று நாலு தடவை சொன்னாள்.

பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் முகில் கட்டியது. பாட்டி எங்களை விரட்டாத குறையாகக் கீழே இறக்கினார். கட்டிப்பிடித்து விடைபெறும்போது அக்காவின் கையில் இரண்டு போத்தல்களில் ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்தார். "ஒங்க அம்மா கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில், கலேவெல தாண்டி, இரவு பதினொரு மணியளவில் பஸ் சூடாகி நின்றுவிட்டது. ரேடியேற்றரில் தண்ணீர் இல்லை. சாரதி எல்லோரிடமும் கேட்டார். எல்லோர் போத்தலும் காலி. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஒருவரும் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் அவரைத்தான் நினைத்தோம். சிறிது நேரம் கழித்து அக்கா எழுந்துவந்து ஒரு போத்தலைச் சாரதியிடம் நீட்டினார். "இது காணுமோ தம்பி?" என்றார். காணும் என்று சாரதி சொன்னார். மற்றப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சி வரை விழித்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில், அடுத்த வருடம் எங்கே என்று கேட்டேன். கீரிமலை என்று ஒரே குரலில் சொன்னார்கள். பெயர் கொடுக்கும் தாளில் முதலாவதாக அந்தத் தங்கையின் பெயர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "கதிரை நான் கொண்டுவருவேன்" என்று எழுதியிருந்தாள்.